உருளும் ரொக்கெட் எச்சங்களைத் திருகோணமலை நிலாவெளியிலிருந்து கணிப்பது எப்படி?

விண்வெளிக் குப்பையை அகற்ற முனைவோர் முதலில் குறிவைப்பது, செய்மதிகளை ஏற்றிச் சென்றபின் மேலேயே கைவிடப்பட்ட ரொக்கெட் கட்டங்களையே. ஏறத்தாழ 840 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செனித் ரொக்கெட் கட்டங்கள் ஒவ்வொன்றும் சுமார் 9 தொன் நிறையுடையவை என்பதால், அவற்றில் இரண்டு மோதினாலே ஆயிரக்கணக்கான துண்டுகள் சிதறும். 2024இல் ஜப்பானின் அட்ராஸ்-ஜே விண்கலம் பழைய எச்-2ஏ ரொக்கெட் கட்டமொன்றை 15 மீற்றர் வரை நெருங்கிப் படமெடுத்தது. இத்தகைய பொருளைப் பிடிக்குமுன் அது எவ்வளவு வேகமாக உருள்கிறது என்பதை அறிய வேண்டும்; அந்த உருளலைக் கைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தைக் கொண்டே நாமும் ஓரளவு கணிக்கலாம்.

மாரி மழை ஓய்ந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில், நிலவில்லாத மாலையைத் தெரிவுசெய்யுங்கள். திருகோணமலைத் துறைமுக வெளிச்சத்திலிருந்து விலகி நிலாவெளிக்கோ குச்சவெளிக்கோ செல்வது நல்லது. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்தின் பின் கிழக்கே கடலை நோக்கி நில்லுங்கள். சூரியன் நமக்குப் பின்னால் இருப்பதால் அத்திசையில் செல்லும் பொருள்கள் முழு ஒளியுடன் தெரியும். இவ்விடயத்தில் மேற்குக் கரையைவிட நம் கிழக்குக் கரையே வாய்ப்பானது. ஹெவன்ஸ் அபவ் இணையத்தளத்தில் திருகோணமலையை இடமாகக் குறித்தால், அன்று கடக்கும் ரொக்கெட் கட்டங்களின் நேரமும் திசையும் கிடைக்கும்.

விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்குகள் இருக்கும். ரொக்கெட் கட்டமோ வெண்புள்ளியாக நகரும். அது உருண்டால் ஒளி கூடிக் குறையும். முதல் உச்ச ஒளியின்போது கடிகாரத்தை அழுத்தி அதைச் சுழியம் என எண்ணுங்கள் (ஒன்று என எண்ணினால் கணக்கு முழுவதும் பிசகும்). பத்து என எண்ணும் உச்சத்தில் நிறுத்தி, வந்த செக்கன்களைப் பத்தால் வகுத்தால் இரு உச்சங்களுக்கு இடைப்பட்ட நேரம் கிடைக்கும். உருளை வடிவப் பொருள் ஒரு சுற்றில் பெரும்பாலும் இருமுறை ஒளிர்வதால், உண்மையான சுழற்சிக் காலம் ஏறத்தாழ அதன் இரு மடங்காகும். ஒளி படிப்படியாக மங்கி மீளாவிட்டால், அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. அந்தக் கடைசி மங்கலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

திகதி, நேரம், பொருளின் பெயர், கணித்த இடைவெளி ஆகியவற்றைக் குறித்து வைத்து, சில மாதங்களின் பின் அதே பொருளை மீண்டும் அளவிடுங்கள். பூமியின் காந்தப்புலம் உலோக உடலில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சுழற்சியைத் தளர்த்துவதால், இடைவெளி பொதுவாக நீண்டிருக்கும்.