பட்டறைக்கு ஒரு பழைய பிக்கப்: சிறிய கார் இழுக்கவும் உதிரிபாகம் ஏற்றவும் குறைந்த விலை வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற சிறிய கார்களைப் பார்க்கும் ஒரு பட்டறைக்கு ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சொந்த வண்டி தேவைப்படும். வழியில் நின்றுபோன காரை இழுத்து வர ஒவ்வொரு முறையும் ரெக்கவரி வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதும், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கிய இன்ஜினை வாடகை வண்டியில் ஏற்றி வருவதும் வருமானத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து, அதிகப் பணம் போடாமல், பழைய வண்டி ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இங்கே சொல்கிறேன். தமிழ்நாட்டுச் சாலைகளையும் இங்கே எளிதில் கிடைக்கும் வண்டிகளையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

உதிரிபாகம் ஏற்றுவது ஏறக்குறைய தினசரி வேலை. கார் இழுப்பது எப்போதாவது வருவது. ஆனாலும் வண்டி குறைந்தபட்சம் எவ்வளவு கனமாகவும் வலுவாகவும் இருக்க வேண்டும் என்பதை எப்போதாவது வரும் அந்த வேலைதான் தீர்மானிக்கிறது. உதிரிபாகத்தைப் பொறுத்தவரை எடையைவிட இடமே பெரும்பாலும் பிரச்சினை. பானெட், கதவு, பம்பர், டிக்கி மூடி ஆகியவை கனமில்லாதவை, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்பவை. உண்மையில் கனமாக வருவது இன்ஜின், கியர்பாக்ஸ், ஆயில் பேரல் ஆகிய மூன்றும்தான். 210 லிட்டர் ஆயில் பேரல் ஒன்று ஆயிலோடு 200 கிலோவை நெருங்கும். ஆக, ஒரு பட்டறையின் சாதாரண லோடு அரை டன்னைத் தாண்டுவது அபூர்வம்.

இழுப்பதற்கு முன் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள்

வண்டி வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மெதுவாகப் போனால் சிறிய இன்ஜினும் ஒரு ஆல்டோவை இழுத்துவிடும். கேள்வி அதுவல்ல. பின்னால் வரும் 750 கிலோவையும் சேர்த்து உங்கள் வண்டியின் பிரேக் நிறுத்துமா, இறக்கத்தில் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்குமா என்பதே கேள்வி. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழுக்கும் வண்டி, இழுக்கப்படும் வண்டியைவிடத் தெளிவாகக் கனமாக இருக்க வேண்டும் என்பதை முதல் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகோலால் பார்த்தால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வண்டிகள் உடனே விலகிவிடும். 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் ஊர்க் குட்டி யானை, உதிரிபாகம் ஏற்ற மிக நல்ல வண்டி. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் இன்ஜின், முக்கால் டன் லோடு, குறுகிய சந்திலும் திரும்பும் உடல் எல்லாம் அதற்கு உண்டு. ஆனால் அதன் வெற்று எடை ஏறக்குறைய 800 கிலோதான். அது ஒரு வேகன் ஆரின் எடை. தன் எடைக்குச் சமமான ஒன்றைக் கட்டி இழுக்கும்போது ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாரே தவிர வண்டி அவர் கையில் இல்லை. ஆம்னியும் ஈகோ கார்கோவும் வேறு காரணத்துக்காக விலகுகின்றன. அவற்றுக்குத் தனியான ஏணிச் சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸாகவும் இருப்பதால், இழுவைக் கொக்கி மாட்டிய இடத்தில் நாளடைவில் தகடு கிழியத் தொடங்கும்.

அடுத்த படியில் இருப்பவை அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாடா 207 ஆகியவை. ஓசூரில் தயாராகி 2011-இல் விற்பனைக்கு வந்த தோஸ்த் ஒன்றேகால் டன் லோடு ஏற்றும். வெற்று எடையும் ஏறக்குறைய அவ்வளவே. பொலிரோ பிக்கப்பின் வெற்று எடை ஒன்றரை டன்னுக்கு மேல், 2523 சி.சி. டீசல் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே இழுவை தருவதால் கிளட்ச்சை வாட்டாமல் மேட்டில் நகரலாம். அதோடு, அதன் இன்ஜினைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் அரிது. சொந்தப் பட்டறைக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை என்று தோன்றலாம். ஆனால் நடுவழியில், வேறு ஊரில், ஒரு காரையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும்போது அதன் மதிப்பு தெரியும். இரண்டு வரிசை இருக்கையுள்ள பொலிரோ கேம்பரில் பழுதான காரின் குடும்பத்தையும் உட்கார வைத்து அழைத்து வரலாம் என்பது ஒரு வசதி. அதற்கு விலையாகப் பின்தொட்டியின் நீளத்தில் கணிசமான பகுதியை இழக்க வேண்டும். பட்டறைக்கு நான் பிக்கப்பையே சொல்வேன்.

டாடா 407 வேறு வகை. 1986 முதல் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டிக்குச் சிறிய கார் ஒரு சுமையே இல்லை. ஆனால் காரை இழுக்காமல் மேலே ஏற்றிக்கொண்டு வரலாம் என்ற எண்ணத்தில் இதை வாங்குபவர்கள் தொட்டியை அளந்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். மாருதி 800-இன் நீளம் 3335 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 அடி. பத்தடித் தொட்டியில் அதுகூட அடங்காது. சேசிஸை நீட்டிக் கொடுக்கும் பாடி கட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி வீல்பேஸில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தில்) 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி இருக்கிறது, தாண்டினால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று சோதனையில் வண்டி தேறாது. காரை மேலே ஏற்றுவதே முக்கியத் தொழில் என்றால் 14 அடித் தொட்டியுள்ள ஐஷர், கேன்டர் வகைக்குப் போவதே முறை. அது குறைந்த விலை என்ற நம் எல்லைக்குள் வராது.

எந்த முறையில் இழுக்கப் போகிறீர்கள்

வண்டியைத் தேர்ந்தெடுப்பது இழுக்கும் முறையையும் பொறுத்தது. கயிறோ இரும்பு ராடோ கட்டி இழுப்பது மலிவானது. ஆனால் பின்னால் வரும் காரில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, பின்னால் வரும் காரில் ‘ஆன் டோ’ என்ற ஆங்கில எழுத்துப் பலகை தெரிய வேண்டும் என்பவை சாலை விதிகள். இன்ஜின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியைப் போட்டுத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எனவே கயிற்றுக்குப் பதில் ராடையே பயன்படுத்துங்கள். பின்னால் இருப்பவரின் பிரேக் தாமதமானாலும் கார் உங்கள் பிக்கப்பின் மேல் வந்து மோதாது.

முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் கொக்கி அமைப்பை வண்டியில் பொருத்துபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆல்டோ போன்ற முன்சக்கர இழுவைக் காரில் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னால்தான் இருக்கிறது. 750 கிலோ காரில் அது 450 கிலோ. இந்த 450 கிலோ உங்கள் வண்டியின் பின் அச்சிலிருந்து 1.25 மீட்டர் பின்னால் தொங்குகிறது, வண்டியின் வீல்பேஸ் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் அச்சில் 675 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 225 கிலோ இறங்கும். கிணற்று ஏற்றத்தின் துலாவில் ஒரு பக்கம் கல் கட்டினால் மறுபக்கம் எழும்புகிறதே, அதே கதைதான். முன் அச்சில் எடை குறைந்தால் ஸ்டியரிங் பிடிக்காது, முன் பிரேக்கும் பிடிக்காது. இதனால்தான் வீல்பேஸ் நீண்ட, முன்பக்கம் கனமான இன்ஜின் உள்ள வண்டி இந்த வேலைக்குத் தேவைப்படுகிறது. கொக்கியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின் அச்சுக்கு அருகில் பொருத்த வேண்டும் என்பதும் இதனால்தான்.

எந்தச் சக்கரத்தைத் தூக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். ஆம்னி, ஈகோ, நானோ ஆகியவை பின்சக்கர இழுவை வண்டிகள். முன்சக்கரத்தைத் தூக்கினால் இழுவைச் சக்கரம் தரையில் உருளும் என்பதால், அவற்றை நியூட்ரலில் வைத்துக் குறைந்த தூரம் இழுக்கலாம். சி.வி.டி. போன்ற ஆட்டோமேட்டிக் கார்களை இழுவைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும். மின்சாரக் காரை மேலே ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அந்த அழைப்பு வந்தால் ரெக்கவரி வண்டிக்குச் சொல்லிவிடுவது நல்லது.

கொக்கி, கிரேன், வின்ச் எதைப் பொருத்தினாலும் அது வண்டியில் செய்யும் மாற்றமாகிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாத மாற்றம் இருந்தால் விபத்து நடந்த நாளில் இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

வண்டி முன்பு என்ன ஏற்றியது

ஓடிய கிலோமீட்டரைவிட, முன்பு ஏற்றிய லோடுதான் பழைய சரக்கு வண்டியின் ஆயுளைச் சொல்லும். பிஸ்கட், சிப்ஸ், பஞ்சு, தெர்மோகோல் ஏற்றிய வண்டி எவ்வளவு ஓடியிருந்தாலும் சேசிஸ் நன்றாக இருக்கும். குடிநீர் கேன் ஏற்றிய வண்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள்: 20 லிட்டர் கேன் 60 ஏற்றினாலே 1200 கிலோ, அதைக் குட்டி யானையில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். மணல், ஜல்லி ஏற்றியது என்று தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிய வண்டியும், நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியும் மேலே புதுப் பெயின்ட்டோடு வரலாம்; தொட்டிக்கு அடியில், ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டும் இடத்தில், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் துரு உதிரும். பட்டைகளை எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் அந்த வண்டி அதிக லோடு இழுத்தது என்று பொருள். சேசிஸில் வெல்டிங் அடித்த தடம் எங்கே தெரிந்தாலும் விலையைப் பேசாமல் திரும்பிவிடுவேன். கார் இழுக்கும் வேலையில் முதலில் பிளப்பது அந்த இடம்தான்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது; வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. கிளட்ச்சுக்கு ஒரு சோதனை: ஹேண்ட் பிரேக்கை முழுதாகப் போட்டு, மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டால் இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். கியர் தானாகக் கழன்றால் கியர்பாக்ஸிலும், பின்னால் ஊளைச் சத்தம் கேட்டால் பின் அச்சிலுள்ள கிரவுன் பற்சக்கரத்திலும் வேலை இருக்கிறது. காலி வண்டி எல்லாவற்றையும் மறைக்கும். முடிந்தால் அரை டன் லோடு ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் தயாரானது. தரையைப் பிடிக்கும் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்த டயரை நம்பிக் காரை இழுக்க முடியாது.

விலைக்கு வெளியே உள்ள செலவு

மஞ்சள் போர்டு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். பசுமை வரியும் பழைய வண்டிக்குச் சேரும். 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்காகிவிட்டது. எனவே 14 வயது வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான். எனக்கு உகந்ததாகத் தோன்றுவது எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் வண்டி. தேய்மானத்தின் பெரும்பகுதி முந்தைய உரிமையாளர் கணக்கில் போயிருக்கும், பி.எஸ். 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகளின் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைப் பராமரிக்கும் செலவும் இருக்காது.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் தொகை மொத்த எடை 7500 கிலோ வரை உள்ள வாடகைச் சரக்கு வண்டிகளுக்கு ஒன்றே. 2022-இல் அறிவிக்கப்பட்டபடி வரி நீங்கலாக 16,049 ரூபாய். குட்டி யானைக்கும் 407-க்கும் ஒரே தொகை என்பதால், சிறிய வண்டி வாங்கினால் இன்சூரன்ஸில் மிச்சம் என்ற கணக்குத் தவறு. மிச்சம் வருவது பெர்மிட்டில்: மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஏஸும் தோஸ்த்தும் இதற்குள் அடங்கும். பொலிரோ பிக்கப்பில் மாடலுக்கு மாடல் எடை மாறுவதால் ஆர்.சி.யில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். 7500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டதால், தனி டிரைவர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததைக் காட்டும் 35-ஆம் எண் படிவமும் தடையில்லாச் சான்றும் கையில் வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். வாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் எந்த நாள் வரை என்றும், நிலுவையில் சலான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். சேசிஸ் எண்ணை வண்டியிலேயே தேய்த்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். 29, 30 ஆகிய படிவங்களில் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிய கையோடு பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டு, வண்டியை நேராகக் கொண்டுபோய் நான்கு சக்கர பிரேக்கையும் பிரித்து, ஷூ, சிலிண்டர், ஆயில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். இழுவைக் கொக்கி பொருத்துவது அதற்குப் பிறகுதான்.