கால்நடை டாக்டராக ஆசையா? கட்டுத்தறியில் தொடங்குங்கள்

தமிழ்நாடு-கேரள எல்லையோரமான கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாட்டைப் பழக்குவது புதிதல்ல. ஆனால் நோயை அடையாளம் காண, நோயில்லாத மாடு எப்படி இருக்கும் என்பது முதலில் மனப்பாடமாக வேண்டும். எட்டாவது, ஒன்பதாவதிலேயே தொடங்கலாம்.

படி 1: ஒரு மாடு, ஒரு நோட்டு

சாதுவான, நோயில்லாத ஒரு பசுவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் தீனி, சாணியின் பதம், பால், காய்ச்சல் அளவு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் பார்ப்பதே சரி. உச்சி வெயிலில் நின்ற மாட்டுக்கு நோயில்லாமலே சூடு கூடியிருக்கும்.

படி 2: தெர்மாமீட்டர்

மாட்டை ஒரு பெரியவர் பிடித்துக்கொள்ளட்டும். பிள்ளை பின்னங்காலுக்கு நேர் பின்னால் நிற்காமல், பக்கவாட்டில் இடுப்பை ஒட்டி நிற்கட்டும். தெர்மாமீட்டரின் வெளியே நிற்கும் பின்முனையில் நூலும் கிளிப்பும் கட்டி, கிளிப்பை வால்முடியில் மாட்டிவிடுங்கள். நழுவினாலும் கீழே விழாது. எண்ணெய் தடவி ஆசனவாயில் செலுத்தி, லேசாகச் சாய்த்து உட்சுவரைத் தொடும்படி 2 நிமிடம் வைக்க வேண்டும். முனை சாணிக்குள் குத்தி நின்றால் அளவு குறைவாகக் காட்டும், நிஜக் காய்ச்சலே தப்பிப்போகும். பசுவுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருப்பது இயல்பு. ஆட்டுக்கு அதைவிடக் கூடுதல். பசுவின் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

படி 3: வயிற்று அசைவு

இடப்பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். அதில் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருங்கள். 2 நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வயிறு கையைத் தள்ளும். அவசரப்பட்டு அரை நிமிடத்தில் கையை எடுத்தால் 'அசைவே இல்லை' என்று தவறாக எழுத நேரும். உண்மையிலேயே அசைவு நின்று, தீனியும் எடுக்காவிட்டால் டாக்டரை அழைக்க வேண்டும். ஊசி, மருந்து பிள்ளையின் வேலையல்ல.

படி 4: தொடக்கூடாதவை

கன்று வீசிய (கரு கலைந்த) மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக்கூடாது. மாட்டுக்குக் கருவைக் கலைக்கும் புருசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும். காய்ச்சாத பாலும் வேண்டாம். நாய்களோடு பழகும் பிள்ளைக்கு முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

படி 5: படிப்பு வழி

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் இருக்க வேண்டும். உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால் கதவு அடைபட்டது போலத்தான். கால்நடை டாக்டருக்கான பி.வி.எஸ்சி. படிப்பு ஒரு வருடப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு.

தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உடுமலைப்பேட்டையிலும் தேனியிலும் கல்லூரிகள் உண்டு. கேரளத்தில் மண்ணுத்தி, பூக்கோடு கல்லூரிகளுக்கு நீட் தேர்வு வேண்டும். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கும் நீட்தான். எல்லையோரக் குடும்பங்கள், இருப்பிடச் சான்று எந்த மாநிலத்தில் கிடைக்கும் என்பதைப் பத்தாவது முடியும் முன்பே தாலுகா ஆபீசிலோ வில்லேஜ் ஆபீசிலோ கேட்டுவிடுங்கள்.