அபூர்வக் கற்கள்: பெயரைப் பார்த்து வாங்கினால் என்ன ஆகும்?

கண்டிக்குப் போகும் வழியில் சுற்றுலா வேன் நின்ற ஒரு கடையில்தான் என் முதல் ‘அலெக்ஸாண்ட்ரைட்’டை வாங்கினேன். வாசல் வெளிச்சத்தில் சாம்பல் கலந்த நீலம். உள்ளே மஞ்சள் விளக்குக்குக் கீழே பிடித்தால் கத்தரிப்பூ நிறம். கடைக்காரர் என்னை வாசலுக்கும் உள்ளுக்குமாக நாலு தடவை நடக்க வைத்தே காட்டினார். 18,000 இலங்கை ரூபாய். ஊருக்கு வந்து, கல் சோதிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். லென்ஸை வைத்து அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “ஃபேக்டரி கல் சார், குருந்தம்” என்று திருப்பித் தந்துவிட்டார். மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமமோ அதன் பெயர்தான் குருந்தம்.

உண்மையான அலெக்ஸாண்ட்ரைட் பகலில் பச்சை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சிவப்பு. நம் வைடூரியம் எந்தக் கனிமமோ அதே கிரைசோபெரிலின் இன்னொரு வகை; அதில் கொஞ்சம் குரோமியம் கலந்ததால் வரும் வித்தை இது. 1830-களில் ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியில் கண்டெடுத்து, பின்னாளில் ஜார் ஆன இரண்டாம் அலெக்சாண்டரின் பெயரை வைத்தார்கள். என் கல்லைப்போல நீலத்திலிருந்து கத்தரிப்பூவுக்குப் போவது வனேடியம் சேர்த்துச் செய்த செயற்கைக் குருந்தம். அலுமினாப் பொடியைத் தீச்சுடர் வழியாக உதிரவிட்டு, உருகிச் சொட்டுவதைக் கட்டியாக வளர்க்கும் முறையைப் பிரெஞ்சுக்காரர் வெர்னுயில் 1902-ல் அறிவித்தார். சில மணி நேரத்தில் ஒரு கட்டி தயார். உள்ளே கிராமபோன் தட்டின் கோடுகளைப்போல வளைந்த வரிகள் ஓடும். இயற்கைக் கல்லில் வளர்ச்சி வரிகள் நேராகவோ கோணமாகவோதான் இருக்கும். திருச்சியைச் சுற்றிய ஊர்களில் குடிசைத் தொழிலாகச் செயற்கைக் கல் பட்டை தீட்டியவர்களுக்கு இதெல்லாம் பழைய கதை. எனக்குத்தான் தெரியவில்லை. ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லே தமிழ்க் குருந்தத்திலிருந்து போனது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது 18,000 ரூபாயைக் காப்பாற்றவில்லை.

நான் கல்லை வாங்கவில்லை, ஒரு பெயரை வாங்கினேன். அபூர்வக் கற்களில் நடக்கிற முக்கால்வாசித் தவறுகள் இதே வழியில்தான் வருகின்றன. (அலெக்ஸாண்ட்ரைட் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கடையில் இருப்பது எல்.ஈ.டி. விளக்கு என்றால் நிறமாற்றம் சரியாகத் தெரியாமல் போகலாம். பழைய குண்டு பல்பு கேளுங்கள், அல்லது ஒரு மெழுகுவர்த்தி கொண்டு போங்கள்.)

பெயர் எந்த அளவுக்குக் குழப்பும் என்பதற்குப் பத்பராட்சாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. தாமரைக்கான சொல்லிலிருந்து வந்த சிங்களப் பெயர். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த குருந்தம். மாலை வானத்தில் ஐந்து நிமிடம் நிற்கிற நிறம். ஆனால் நம் பழைய ரத்தின நூல் வழக்கில் பதுமராகம் என்றால் மாணிக்கம், அதாவது சிவப்புக் கல். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு, எவ்வளவு ஆரஞ்சு, எவ்வளவு இளஞ்சிவப்பு இருந்தால் பத்பராட்சா என்பதில் பரிசோதனைக் கூடங்களுக்குள்ளேயே எல்லைக்கோடு கொஞ்சம் நகரும். ஒரு கூடம் பத்பராட்சா என்று எழுதிய கல்லை இன்னொன்று இளஞ்சிவப்பு நீலக்கல் (பிங்க் சஃபையர்) என்று எழுதக்கூடும். விலை சரிபாதியாகக்கூட இறங்கும். கல் என்னவோ அதே கல்தான்.

அடுத்த குழி பெரிலியம் என்ற தனிமம். 2001 கடைசியிலிருந்து தாய்லாந்துச் சந்தையில் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்புக் கற்கள் திடீரென்று குவிந்தன. அத்தனை பத்பராட்சா பூமியில் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தபோது, குருந்தத்தைக் கிரைசோபெரில் துண்டுகளோடு சேர்த்து மிக அதிகச் சூட்டில் வைத்திருந்தது தெரிந்தது. கிரைசோபெரிலில் இருக்கும் பெரிலியம் ஆவியாகிப் பக்கத்துக் கல்லுக்குள் புகுந்து, ஆரஞ்சு நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. லென்ஸால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. லேசரால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைச் சுட்டு, வெளிவரும் தனிமங்களை அளக்கும் கருவி வேண்டும். அதனால் அந்தக் காலத்துக்கு முன் எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு யாராவது பத்பராட்சா விற்றால், அதில் பெரிலியம் பார்த்திருக்கவே மாட்டார்கள். சான்றிதழ் போலி என்று அர்த்தமில்லை. சான்றிதழுக்கும் வயது உண்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. சில கற்களில் அந்த ஆரஞ்சு நிற்காது. புற ஊதா ஒளி பட்டால் மஞ்சள் சாயல் எழும்பி வரும். பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நாள் இருந்தால் அடங்கிப்போய், கையில் வெறும் இளஞ்சிவப்புக் கல் மிஞ்சும். 2016-ஐ ஒட்டி மடகாஸ்கரின் அம்பாடொண்ட்ரசாக்கா பகுதியிலிருந்து நிறையக் கற்கள் வந்தபோது இந்தத் தொல்லை பெரிதாகப் பேசப்பட்டது. இப்போது நல்ல கூடங்கள் நிற நிலைப்புச் சோதனை செய்த பிறகே பத்பராட்சா என்று எழுதுகின்றன. சான்றிதழில் அதைப் பற்றிய வரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, சூடு காட்டிய கல் என்றாலே ஒதுக்கிவிட வேண்டுமா? அதுவும் ஒரு தவறுதான். சந்தையில் கிடைக்கும் மாணிக்கம், நீலம் ஆகியவற்றில் பெரும்பகுதி சூடு கண்டவை. டான்சனைட்டில் ஏறக்குறைய எல்லாமே. 1967-ல் தான்சானியாவின் மெரெலானியில் கிடைத்த அந்தக் கல் பெரும்பாலும் பழுப்பாகத்தான் மண்ணிலிருந்து வருகிறது. நீலமும் ஊதாவும் உலைக்குப் பிறகு. இலங்கையில் ‘கெவுடா’ என்று ஒரு கல் உண்டு. பால் கலந்த வெள்ளை, டீசல் போன்ற ஒரு மினுக்கம். உதவாத கல் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போனார்கள். உள்ளே பட்டு நூல்போலப் படிந்திருந்த ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் 1,500 டிகிரிக்கு மேல் கரைய, அதிலிருந்த டைட்டானியம் கல்லில் ஏற்கெனவே இருந்த இரும்போடு சேர, நல்ல நீலம் பிறந்தது. வெளியிலிருந்து எதுவும் சேர்க்கவில்லை, கல்லில் இருந்ததுதான் இடம் மாறியது. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சூடு காட்டியது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் போதும்.

கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் வேறு ஜாதி. விரிசலே உடம்பாக இருக்கிற மலிவுக் கல்லை எடுத்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசல்களில் ஏற்றுவார்கள். ஈயக் கண்ணாடி ஒளியை ஏறத்தாழ மாணிக்கம் போலவே வளைப்பதால் விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும். 2004-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்த இது, இன்று ‘பத்து காரட் மாணிக்கம், சில ஆயிரம் ரூபாய்’ என்று விளம்பரமாகும் கற்களின் பின்னணி. பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் விரிசலுக்குள் நீல மின்னல் ஓடும், நுண்ணிய குமிழிகள் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கத் தொடங்கும். மோதிரத்தைச் சின்னதாக்கப் பத்தரிடம் கொடுத்து அவர் ஊதுகுழல் நெருப்பைக் காட்டினால் கல் பாழ், பத்தர்மேல் பழி. விரிசலை மறைக்க மரகதத்தில் எண்ணெய் ஏற்றுவதும் பழங்கால வழக்கம்தான், அளவைக் கேட்டுக்கொண்டால் சரி. எந்தக் கல்லானாலும் பத்தரிடம் கொடுக்கும்போது அதற்கு என்னென்ன செய்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

ஊர்ப் பெயருக்குக் கொடுக்கும் விலை தனிக் கதை. 2015-ல் ஜெனீவாவில் 25.59 காரட் ‘சன்ரைஸ் ரூபி’ சுமார் 3 கோடி டாலருக்கு ஏலம் போனது. அது பர்மாக் கல். 2023-ல் நியூயார்க்கில் மொசாம்பிக்கின் 55.22 காரட் மாணிக்கம் 3.48 கோடி டாலருக்குப் போனது. எடை இரண்டு மடங்குக்கு மேல், விலை அதற்கேற்ப ஏறவில்லை. இரண்டுமே சூடு காட்டாதவை, இரண்டுமே அற்புதமான சிவப்பு. நிறமும் தெளிவும் ஒரு பங்கு கேட்டாலும், காரட் கணக்கில் இவ்வளவு வித்தியாசம் வருவதில் பர்மா என்ற சொல்லுக்குப் பெரும் பங்குண்டு.

இதைத் தெரிந்துகொண்டுதான் வியாபாரத்தில் ஊர்ப் பெயரை நிறப் பெயராக்கிவிடுகிறார்கள். காஷ்மீர் நீலம் என்பது பாடர் பகுதியில் 1881-ஐ ஒட்டி நிலச்சரிவில் வெளிப்பட்டு, அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே பெரும்பாலும் தோண்டித் தீர்ந்த ஒரு சுரங்கத்தின் கல். ‘காஷ்மீர் ப்ளூ’ என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் வெறும் நிறத்தைச் சொல்கிறார்கள். காதில் விழுவதென்னவோ காஷ்மீர் என்றுதான். பராய்பாவும் அப்படியே. 1980-களின் இறுதியில் பிரேசிலின் பராய்பா மாநிலத்தில் ஒரு குன்றைப் பல வருடம் குடைந்து எடுத்த, செம்பு கலந்த டூர்மலின் என்ற கல். விளக்கை உள்ளே வைத்ததுபோல எரியும் நீலப் பச்சை. பிறகு நைஜீரியாவிலும் மொசாம்பிக்கிலும் செம்பு டூர்மலின் கிடைத்தது. 2006-லிருந்து முக்கியமான கூடங்கள் எந்த நாட்டுக் கல்லானாலும் பராய்பா என்ற வகைப் பெயரை எழுத ஒப்புக்கொண்டன. ஆகவே பெயரைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். பிறந்த நாடு என்ன என்ற வரி தனியாக இருக்கும், பெரிய விலை அந்த வரியில்தான். ‘பராய்பா கலர்’ என்றால் இன்னும் உஷார். மடகாஸ்கரின் நீல அபடைட் அதே சாயலில் மிரட்டும்; கடினத்தில் பத்துக்கு வெறும் 5. மோதிரத்தில் போட்டால் தூசி தேய்த்தே மங்கும்.

பிறந்த ஊர் என்பது ஒரு கூடத்தின் கருத்து என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளிருக்கும் துகள்கள், தனிமங்களின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டுச் சொல்வது. பாசலின் எஸ்.எஸ்.இ.எஃப்., லூசெர்னின் குபெலின், அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. போன்றவற்றின் கருத்துக்கு ஏல அறையில் மதிப்பு உண்டு. இலங்கையில் வாங்கினால் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையில் சோதித்துக்கொள்ளலாம். கடைக்காரரே அச்சடித்துத் தரும் பளபளப்பு அட்டைக்கு அட்டை விலைதான். சான்றிதழில் இருக்கும் எண்ணைக் கூடத்தின் இணையதளத்தில் அடித்துப் பாருங்கள். எடையையும் மில்லிமீட்டர் அளவுகளையும் கையிலிருக்கும் கல்லோடு ஒப்பிடுங்கள். நல்ல சான்றிதழோடு வேறு கல் வருவது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. அப்புறம், ‘இயற்கைக் குருந்தம்’ என்ற வரி மட்டும் இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கண்ணாடி ஏற்றிய மாணிக்கமும் இயற்கைக் குருந்தம்தானே?

கல்லைப் பார்க்கும் விதத்தில் இரண்டே விஷயம். கடையின் குவியொளிக்குக் கீழே எந்தக் கல்லும் நன்றாக இருக்கும். பகலில் ஜன்னலோரம், வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பொட்டலத்தின் உள்தாள் என்ன நிறம் என்பதையும் கவனியுங்கள். அடுத்து, கல்லின் நேர் நடுவே கீழிருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த இடத்தில் ஒளி திரும்பாமல் ஒழுகிப் போகிறது என்று பொருள். இதற்கு நேர்மாறாக, எடை போய்விடக் கூடாதென்று அடியில் தொப்பையாக விட்ட கற்களும் உண்டு. தொப்பைக்கும் சேர்த்துத்தான் காரட் கணக்கில் காசு.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது: 2021-ல் இரத்தினபுரியில் ஒரு வீட்டுக் கிணறு தோண்டும்போது 510 கிலோ நட்சத்திர நீலக்கல் திரள் கிடைத்ததாகவும், மதிப்பு 10 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றும் உலகம் முழுக்கச் செய்தி. அதைப் படித்துவிட்டுப் பலர் கிலோக் கணக்கில் கல் தேடினார்கள். கல்லுக்கு விலை அதிலிருந்து எத்தனை காரட் தெளிவாகத் தீட்டி எடுக்கலாம் என்பதில் இருக்கிறது. மொத்தப் பாறையின் எடையைப் பெருக்கிப் பார்ப்பது பலாப்பழத்தைச் சுளை விலைக்கு எடை போடுவது மாதிரி.

கடைசியாக, அபூர்வம் என்றால் விலை உயர்ந்தது என்று எண்ணுவது. எகனைட் மிக அபூர்வம்; 1950-களில் இலங்கையில் கண்டறியப்பட்டது. ஆனால் தோரியம் இருப்பதால் கதிரியக்கம் உண்டு, நகையில் போட முடியாது. சின்ஹலைட் 1952 வரை பழுப்பு நிறப் பெரிடாட் என்ற வேறொரு கல்லாகவே விற்றது. தனிக் கனிமம் என்று தெரிந்த பிறகும் மாணிக்கம் அளவுக்கு விலை ஏறவில்லை. விலைக்கு அபூர்வம் மட்டும் போதாது, வாங்க ஆள் வேண்டும். இந்த மாதிரிக் கற்களை முதலீடு என்று சொல்லி விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: இரண்டு வருடம் கழித்து நீங்களே திருப்பி வாங்கிக்கொள்வீர்களா, என்ன விலைக்கு? எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆசைக்கு வாங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 1945-ல் டப்ளினில் ரிச்சர்ட் டாஃபே என்பவர் ஒரு நகைக்கடையில், பழைய நகைகளிலிருந்து கழற்றிப் போட்ட கற்களைக் கூடையோடு வாங்கி வீட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பினல் என்ற கல்லாக நினைத்த ஒரு வெளிர் ஊதாக் கல்லில், பின்பக்க விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் அப்படித் தெரியக் கூடாது. லண்டன் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அது உலகம் அதுவரை அறியாத கனிமம். டாஃபெய்ட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். மண்ணில் கண்டுபிடிப்பதற்கு முன்பே பட்டை தீட்டி, நகையில் பதித்து, கழற்றிக் குப்பையோடு போடப்பட்ட கல். அதன் ஊர் இலங்கை என்று பின்னால் தெரிந்தது. 1.4 காரட்டே இருந்த அதிலிருந்து ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்காக வெட்டி எடுக்கவும் டாஃபே சம்மதித்தார்.