வேலை போன வீட்டில் கடனை வரிசைப்படுத்துவது எப்படி

கோவை கணபதியில் ஒரு வார்ப்படப் பட்டறையின் கணக்குப் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி என்னை நிறுத்தினார்கள். கடைசிச் சம்பளம் வங்கியில் ஏறிய அன்றே அதில் பாதியை ஒரு கிரெடிட் கார்டு நிலுவைக்குக் கட்டினேன். அன்று காலையிலிருந்து ஆறு முறை அழைத்தவர்கள் அவர்கள்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அடுத்த வாரம் வீட்டுக் கடன் தவணைக்குப் பணம் இல்லை. அடுத்தவர் கணக்கைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்தவனுக்கே இந்தப் புத்திதான் இருந்தது என்பதால், பின்னால் கற்றுக்கொண்டதை முறையாக எழுதிவைக்கிறேன்.

யார் உரக்கக் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துக் கடனை அடைக்கக் கூடாது. கட்டாவிட்டால் எது கைவிட்டுப் போகும், எத்தனை நாளில் போகும், நம்மோடு சேர்ந்து வேறு யார் மாட்டுவார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுத்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த வரிசையை அமைப்பதும் அதைக் காப்பாற்றுவதும்தான்.

கையெழுத்துப் போடும் முன்

நிறுத்தப்படும் நாளில் ராஜினாமாக் கடிதம் ஒன்றை நீட்டுவார்கள். "உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றோம், நாளைக்கு இன்னொரு கம்பெனிக்குப் போனா ஒரு கேள்வி வராது" என்று என்னிடம் சொன்னார்கள். நானும் போட்டுக் கொடுத்தேன். ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தருவதோடு, நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தரவேண்டும் என்பது சட்டம். எழுத்தர் வேலை பார்ப்பவரும் இதில் தொழிலாளியே. பதினான்கு ஆண்டுக்கு 210 நாள், அதாவது ஏழு மாதச் சம்பளம், ஒரு கையெழுத்தில் போயிற்று. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு இன்னொரு நட்டமும் உண்டு: ஆலை மூடப்பட்டோ ஆட்குறைப்பிலோ வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ. கழகம் தரும் வேலையின்மைப் படி, தானாக விலகியவருக்குக் கிடைக்காது. தனிநபர் கடன் வாங்கும்போது தலையில் கட்டப்பட்ட காப்பீட்டில் வேலையிழப்புக்கான பாதுகாப்பு இருந்தால், அதுவும் பெரும்பாலும் ராஜினாமாவை ஏற்பதில்லை. ஆகவே பணி நீக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ராஜினாமா செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு. ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்திருந்தால், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 18,000 ரூபாய்க்குப் பதினான்கு ஆண்டு என்றால் ஏறத்தாழ 1,45,000 ரூபாய் வரும். இதை 30 நாளுக்குள் தரவேண்டும்.

வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருப்பதில் 75 விழுக்காட்டை வேலை போன பின் எடுக்கலாம். ஐந்தாண்டுப் பணி நிறைவாகாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். ஆனால் அவசரப்பட்டு எடுத்துக் கடன்காரர்களுக்குப் பங்கு வைக்க வேண்டாம் என்பேன். அந்தக் கணக்கில் இருக்கும் வரை அந்தப் பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்று சட்டமே சொல்கிறது. வெளியே வந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். எடுத்தே ஆகவேண்டும் என்றால், கடன் வாங்கிய அதே வங்கியில் உள்ள சேமிப்புக் கணக்குக்கு அது வரும்படி விடாதீர்கள். தன்னிடம் உள்ள உங்கள் பணத்தை உங்கள் கடனில் வரவு வைத்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. கடன் இல்லாத வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி, வைப்பு நிதிப் பதிவிலும் அதை முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது.

காலண்டர் தாளின் பின்பக்கம்

கடன் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். மாதக் காலண்டரின் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு நான் எழுதியபோது ஏழு கடன்கள் இருந்தன. மனைவியிடம் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, அடியில் இரண்டு வரிகள் சேர்த்தாள்: மகளிர் குழுவில் வாங்கிய 30,000, மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக அடகு வைத்த தன் தோடு. "நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள். உண்மைதான். எந்த வீட்டிலும் பட்டியல் இரண்டு கையெழுத்தில்தான் முழுமையாகும்.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரே மீதித் தொகை, வட்டி, தவணை நாள் ஆகியவற்றோடு, அடமானம் என்ன, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதையும் எழுதுங்கள். கடைசி இரண்டும்தான் வரிசையைத் தீர்மானிக்கும்.

முதலில் அரிசி, வாடகை, மின்சாரம், மருந்து. இவை கடன் அல்ல என்பதால் பட்டியலில் வராமல் போய்விடும். அதனாலேயே தாளின் தலைப்பில் எழுதுங்கள். அடுத்து, அடமானம் உள்ள கடன்கள். வீட்டுக் கடனில் தவணை 90 நாள் தவறினால் அது வாராக்கடன் ஆகும். அதன் பிறகு 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்பித்தான் வங்கி வீட்டின் மேல் கை வைக்க முடியும். அந்த ஐந்து மாதம் பேசுவதற்கான காலம்; ஒளிந்திருப்பதற்கானதன்று. பிழைப்புக்கு ஓட்டும் ஆட்டோவோ சரக்கு வண்டியோ கடனில் இருந்தால் அது வீட்டுக்கும் முன்னால் வரும், ஏனென்றால் வண்டியை எடுத்துச் செல்வதற்கு அவ்வளவு நாள் ஆகாது. நகை அடகில் முழுத் தொகையைத் திருப்ப முடியாவிட்டாலும், தவணைக் கெடுவுக்கு முன் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஏலம் போய்விட்டாலும், கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை உங்களுடையது. கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, ஜாமீன் உள்ள கடன்கள். கூட்டுறவுச் சங்கக் கடனில் என் மச்சான் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் தவறினால் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். சீட்டை ஏலத்தில் எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டாலும் ஜாமீன்தாரைத்தான் தேடிப் போவார்கள். சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால், உங்கள் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துவிட்டு விலக வழி இருக்கிறதா என்று பாருங்கள். குழுக் கடனும் இந்த வகைதான், நீங்கள் கட்டாததைப் பக்கத்து வீட்டு அக்கா கட்ட நேரிடும்.

அடமானமோ ஜாமீனோ இல்லாத தனிநபர் கடனும் கிரெடிட் கார்டும் கடைசி. இவர்கள்தான் அதிகம் அழைப்பார்கள். கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது எப்படி என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 80,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் 2,800. அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 504, நீங்கள் 4,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 696 ரூபாய். வருமானம் இல்லாத மாதத்தில் அந்த 4,000 ரூபாய் வீட்டு மளிகை. கார்டைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவிட்டு, நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

வங்கிக்கு எழுதும் கடிதம்

தவணை தவறிய பிறகு போவதைவிட, தவறுவதற்கு முன் போவது நல்லது. தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல் கொடுத்திருந்தால், கணக்கில் பணமில்லாமல் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அபராதம் ஏறும். காசோலை திரும்பினால் குற்ற வழக்கே வரலாம், மின்னணுத் தவணை திரும்புவதற்கும் அதே போன்ற சட்டப் பிரிவு உண்டு. சட்ட அறிவிப்பு வந்தால், பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள்.

கடிதத்தில் கதை வேண்டாம். நான் எழுதியது இவ்வளவுதான்: "என் பணி சென்ற மாதம் 30ஆம் தேதியுடன் முடிவுற்றது, விடுவிப்புக் கடித நகல் இணைத்துள்ளேன். தற்போது மாதம் 5,000 ரூபாய் மட்டுமே செலுத்த இயலும். ஆறு மாதங்களுக்கு வட்டியை மட்டும் ஏற்றுக்கொண்டு, கடன் காலத்தை நீட்டித்துத் தருமாறு வேண்டுகிறேன்." இரண்டு படிகள் எடுத்துக் கிளைக்கு நேரில் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கட்ட முடியாத தொகையை வாக்குக் கொடுக்காதீர்கள். 5,000 என்று சொல்லி ஆறு மாதம் கட்டுபவரை வங்கி நம்பும், 12,000 என்று சொல்லி இரண்டாம் மாதம் காணாமல் போனவரை நம்பாது.

எனக்கு முதல் முறை மறுத்தார்கள். மண்டல அலுவலகத்துக்கு அதே கடிதத்தை அனுப்பிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். காலத்தை நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பது தெரிந்தே செய்வது.

அழைப்புகளும் ஆட்களும்

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருக்கிறது. மிரட்டுவதும், உறவினர்களிடமும் நண்பர்களிடமும் போய் அவமானப்படுத்துவதும் கூடாது. ஒரு நோட்டில் அழைப்பு வந்த நேரம், எண், பேசியவர் பெயர், பேச்சு ஆகியவற்றைக் குறித்துவாருங்கள். முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. முகவரின் சொந்தக் கணக்குக்கோ கையிலோ ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கடன் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றமாகாது, அது உரிமையியல் விவகாரம். "போலீஸ் கிளம்பிட்டாங்க" என்று தொலைபேசியில் வரும் மிரட்டலுக்கு அந்த அளவு மதிப்புதான்.

கைப்பேசிக் கடன் செயலிகளின் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, படத்தை மாற்றித் தெரிந்தவர்களுக்கு அனுப்புவதாக மிரட்டினால், பணம் கட்டாமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் பதியுங்கள்.

ஒரு தவணையை அடைக்கத் தெருவில் கடன் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் மோசம். தண்டல்காரர் 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்கச் சிறியதாகத் தெரியும் அந்த 1,500 ரூபாய், அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால், ஆண்டுக்கு நூறு விழுக்காட்டைத் தாண்டும் வட்டி. தினவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்தில் ஏற்கத் தயங்கினால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே உதவும்.

வீட்டுக்குள்

பிள்ளைகளிடம் மறைத்துப் பயனில்லை; அவர்களுக்குத் தொலைபேசி ஒலிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். தனியார் பள்ளியில் கட்டணம் பாக்கி இருந்தால், அரசுப் பள்ளிக்கு மாற்றுவதை வெட்கமாக நினைக்க வேண்டாம். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தெளிவுபடுத்தியது. ஆறாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளை என்றால் ஆதாயமும் உண்டு: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு வருமானச் சான்று வேண்டும்; அதை உடம்பு சரியாக இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் தூக்கம் போய், "நான் இல்லாவிட்டால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள்" என்ற எண்ணம் தலைகாட்டினால், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழையுங்கள். தமிழில், எந்த நேரத்திலும் பேசலாம்.

புது வேலை வந்ததும்

எனக்குப் பழைய சம்பளத்தில் முக்கால் பங்குக்கு ஒரு மில்லில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் பழையபடி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கத் தோன்றும்; வரிசையை விடாதீர்கள். தவறிய தனிநபர் கடனை ஒரே தொகையில் தள்ளுபடியோடு தீர்க்கச் சொல்லி இதற்குள் அழைப்பு வந்திருக்கும். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது எளிது, ஆனால் அங்கே கையெழுத்திட்டதற்கு மேல்முறையீடு இல்லை. தள்ளுபடியில் தீர்த்த கடன், கடன் வரலாற்றில் முழுதாக அடைத்ததாக இல்லாமல் சமரசத்தில் தீர்த்ததாகவே பதிவாகும். எந்த வழியில் முடித்தாலும், தீர்வுத் தொகையும் கெடு நாளும் உள்ள கடிதம் கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள், கட்டிய பிறகு நிலுவை இல்லை என்ற சான்றை வாங்காமல் விடாதீர்கள். அடமானக் கடனை அடைத்து முடித்தால் 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும்; வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. காலண்டர் தாளில் என் மனைவி எழுதிய இரண்டு வரிகளையும் அடித்தாயிற்று. என்னுடையதில் இன்னும் மூன்று பாக்கி.