தோவாளைக்கு எத்தனை எழுத்து? தமிழை உடைக்காமல் சுருக்கும் பிஹெச்பி துணுக்கு

தோவாளைப் பூ விலை, குளச்சல் மீன் விலை என்று தினமும் மாறும் பட்டியலைத் தளத்தில் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன ஃபங்ஷன் கட்டாயம் தேவைப்படும்: நீளமான தலைப்பை 20 எழுத்தில் வெட்டி, மூன்று புள்ளி வைப்பது. பிஹெச்பி ஓடுகிறது, டேட்டாபேஸ் இணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். ஃபங்ஷன் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். கோடில் ஆங்கிலத்தில், அடிக்கோட்டை விடாமல் அடியுங்கள்.

படி 1: இன்டல் எக்ஸ்டென்ஷன்

ஸாம்ப் வைத்திருந்தால் பிஹெச்பி.ஐஎன்ஐ கோப்பில் இன்டல் வரியின் முன்னிருக்கும் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை நிறுத்தித் தொடங்குங்கள். உபுண்டுவில் பிஹெச்பி-இன்டல் பேக்கேஜை நிறுவினால் போதும். கீழே வரும் கிராஃபீம் ஃபங்ஷன்களும் நார்மலைசரும் இதிலிருந்துதான் வருகின்றன.

படி 2: எதை எண்ணுகிறோம்?

எல்லோரும் சறுக்கும் இடம் இது. "தோவாளை" நம் கண்ணுக்கு 3 எழுத்து. ஸ்ட்ர்லென் 18 என்கிறது, ஏனென்றால் அது பைட்டை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். எம்பி_ஸ்ட்ர்லென் 6 என்கிறது: த, ோ, வ, ா, ள, ை எல்லாம் அதற்குத் தனித்தனி. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்தை (கிராஃபீம்) எண்ணும் கிராஃபீம்_ஸ்ட்ர்லென் மட்டுமே 3 என்கிறது.

சப்ஸ்ட்ர் கொண்டு 10 பைட்டில் வெட்டினால் "தோவ" வந்து, பின்னால் ஒரு அரைகுறை பைட் தொங்கும். பட்டியலை ஜேசன் வடிவுக்கு மாற்றும் ஜேசன்_என்கோடுக்கு அதைக் கொடுத்தால் அது ஃபால்ஸ் என்று திருப்பிவிடும். ஒரு பெயர் உடைந்ததற்கு முழு விலைப்பட்டியலும் வெறுமையாகிவிடும். எங்கே தப்பு என்று தேடியே மாலையாகிவிடும்.

"எம்பி_சப்ஸ்ட்ர் போதுமே" என்பார்கள். போதாது. "மார்த்தாண்டம்" பெயரை அதில் 5-க்கு வெட்டினால் "மார்த" வரும், புள்ளி போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது இன்னும் மோசம். கிராஃபீம்_சப்ஸ்ட்ர் "மார்த்தாண்" என்று ஒழுங்காகத் தரும்.

ஆனால் ஊர்ப்பெயர்களை அகரவரிசையில் அடுக்க எம்பி_சப்ஸ்ட்ர்தான் வசதி. முதல் ஒன்றை எடுத்தால் குளச்சல், கருங்கல், கொட்டாரம் மூன்றும் "க" தலைப்பின் கீழ் வந்துவிடும்.

படி 3: துணுக்கு

ஃபங்ஷனுக்கு "சுருக்கு" என்றே பெயர் வையுங்கள். பிஹெச்பி தமிழ்ப் பெயரை ஏற்கும். உள்ளே இந்த வரிசை மாறக்கூடாது:

முதலில் நார்மலைசர் வகுப்பின் நார்மலைஸ். "கொட்டாரம்" என்பதன் "கொ"வைச் சில கீபோர்டுகள் க, ொ என்று இரண்டு குறியாகவும், சில க, ெ, ா என்று மூன்றாகவும் அனுப்பும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. நார்மலைஸ் இதைச் சரிசெய்யும். ஔகாரக் குறிக்குப் பதில் "ள" அடித்திருந்தால் மட்டும் அது ஒன்றும் செய்யாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அடுத்து கிராஃபீம்_ஸ்ட்ர்லென். 20-க்குள் இருந்தால் அப்படியே திருப்பிவிடுங்கள். மீறினால் கிராஃபீம்_சப்ஸ்ட்ர், 0 முதல் 20. பின் கடைசியில் நிற்கும் இடைவெளியை நீக்க ஆர்ட்ரிம், கடைசியாக "…".

"&" போன்ற குறிகளை ஹெச்டிஎம்எல்லுக்கு ஏற்ப மாற்றும் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் இந்த ஃபங்ஷனுக்குள் வேண்டாம், திரையில் அச்சிடும் இடத்தில் போடுங்கள். முன்பே போட்டால் "&" குறியின் மாற்றுவடிவமான "&" பாதியில் வெட்டுப்படும்.

படி 4: டேட்டாபேஸ்

மைஎஸ்கியூஎல் டேபிளுக்கும் இணைப்புக்கும் யுடிஎஃப்8எம்பி4. பழைய யுடிஎஃப்8 குறிக்கு 3 பைட்தான் தாங்கும். தமிழ் அதில் அடங்கிவிடுவதால் குறை தெரியாது. யாராவது தலைப்பில் ஒரு பூ எமோஜி போடும்போது, 4 பைட் ஆகி, பதிவே ஏறாது. தலைப்புக்கான வார்சார் (எழுத்துப் பத்தி) அளவையும் தாராளமாக வையுங்கள்: "மார்த்தாண்டம்" அங்கே 7 இல்லை, 13.

பின்சேர்க்கை: ஏற்கெனவே இருக்கும் "…" குறியை நீக்க அதை ஆர்ட்ரிமுக்குக் கொடுக்காதீர்கள். அது பைட் பைட்டாகத் தின்னும். "…" குறியிலும் "ீ" குறியிலும் 80 என்ற பைட் உண்டு. "சுக்கு டீ" கடைசியில் உடையும். பிஹெச்பி 8.4 இருந்தால் எம்பி_ஆர்ட்ரிம் பயன்படுத்துங்கள். இன்னொன்று: கிராஃபீம் கணக்கில் "ஸ்ரீ", "க்ஷ" இரண்டும் இரண்டிரண்டு எழுத்து. வெட்டு சரியாக நடுவில் விழுந்தால் "ஸ்" மட்டும் நிற்கும். கடைப்பெயர்கள் நிறைய இருக்கும் பட்டியலில், முடிவு "ஸ்" அல்லது "க்" என்று நின்றால் ஒரு எழுத்தைக் குறைத்து மறுபடி வெட்டுங்கள்.