பகிரும் இணைப்பில் வெளியான ஆண்டைக் குறிப்பது எப்படி

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மாரி மழை தொடங்கிவிட்டால் ஆண்டுதோறும் வரும் செய்திகள் ஏறக்குறைய ஒன்றேதான்: உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன, கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் போக்குவரத்துத் தடைப்பட்டது, தாழ்நிலத்து மக்கள் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். தலைப்பை மட்டும் பார்த்து இது எந்த ஆண்டுக்குரியது என்று எவராலும் சொல்ல இயலாது. 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தின்போது எழுதப்பட்ட செய்தியொன்று, அடைமழை பெய்யும் இரவில் குடும்பத்தாரின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தால், வயற்காவலில் நிற்பவரும் வெளிநாட்டிலுள்ள பிள்ளையும் அதை இன்றைய நிலைமையாகவே எடுத்துக்கொள்வர். ஆகவே, பழைய செய்தியைப் பகிர்பவர் அது முதலில் வெளியான ஆண்டைத் தாமே எழுதவேண்டும் என்பேன்.

ஆண்டைக் கண்டறிவதில்தான் கவனம் வேண்டும். பல தமிழ்ச் செய்தித் தளங்கள் பக்கத்தின் உச்சியில் ஒரு திகதியைக் காட்டுகின்றன. பெரும்பாலும் அது நீங்கள் பக்கத்தைத் திறந்த நாளேயன்றிச் செய்தி வெளியான நாளன்று. அடியிலுள்ள பதிப்புரிமை ஆண்டையும் நம்பவேண்டாம். தலைப்புக்கும் முதற் பந்திக்கும் இடையில் உள்ள திகதியைப் பாருங்கள். அங்கு இரண்டு திகதிகள் இருந்தால், திருத்தப்பட்ட நாளை விடுத்து முதலில் வெளியிடப்பட்ட நாளை எடுங்கள். அதுவும் இல்லையெனில் இணைய முகவரியைப் படியுங்கள்: வலைப்பூக்களிலும் பல செய்தித் தளங்களிலும் "/2011/01/" என்பதுபோல ஆண்டும் மாதமும் அதிலேயே இருக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் என்னும் தளத்தில் முகவரியை இட்டால் அப்பக்கம் முதன்முதலாகச் சேமிக்கப்பட்ட நாள் தெரியவரும். அந்த நாளிலோ அதற்கு முன்போ வெளியானது என்பதற்கு மட்டுமே அது சான்று.

கண்டறிந்த ஆண்டை இணைப்புக்கு முன்னால், நீங்கள் அனுப்பும் செய்தியின் முதற் சொல்லாக இடுங்கள். நீண்ட செய்திகளை வட்ஸ்அப் சுருக்கிக் காட்டுவதால், இறுதியில் எழுதிய ஆண்டு பலர் கண்ணில் படாது. "2011 ஜனவரிச் செய்தி" என்றால் போதும். 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட கட்டுரையானால் நிகழ்ந்த ஆண்டு, எழுதிய ஆண்டு இரண்டும் வேண்டும். காணொளிகளுக்கும் இதுவே முறை. யூடியூப் காட்டுவது பதிவேற்றிய நாளை மட்டுமே.

கார்டியன் நாளிதழ் 2019 முதல் தன் பழைய கட்டுரைகள் பகிரப்படும்போது முன்னோட்டப் படத்திலேயே ஆண்டைப் பொறிக்கிறது. 90 நாள்களுக்கு மேற்பட்ட செய்தியைப் பகிர முனைவோரை எச்சரிக்கும் ஏற்பாட்டைப் பேஸ்புக் 2020இல் அறிவித்தது. "பலமுறை முன்னனுப்பப்பட்டது" என்னும் வட்ஸ்அப் குறியோ செய்தியின் வயதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் ஆண்டு தேவையில்லை. சமையற் குறிப்புக்கு அது வீண் சுமை. உர மானியம், நெல்லின் உத்தரவாத விலை, வேலைவாய்ப்பு விண்ணப்பம், வெள்ள எச்சரிக்கை ஆகியவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். ஆண்டு முடியும் காலத்தில் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டு கிடைக்காத வெள்ளச் செய்தியைப் பகிராமல் விடுவதே முறை.

வேறொருவர் ஆண்டின்றி அனுப்பியிருந்தால், அந்தச் செய்திக்கே மறுமொழியாக ஆண்டை மட்டும் இடுங்கள். அனுப்பியவர் மாமாவாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருக்கக்கூடும். குழுவில் விளக்கம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை.