நெஞ்சு நோவுக்கு பைபாஸா குளிசையா: கையெழுத்து வைக்க முன்னம் எப்பிடி ஒப்பிட்டுப் பாக்கிறது

இதயத்துக்குப் போற இரத்தக் குழாயில அடைப்பு எண்டு அஞ்சியோகிராம் ரிப்போர்ட் கைக்கு வந்த அண்டைக்கே வீட்டில வாக்குவாதம் தொடங்கீடும். கனடாவில இருக்கிற மகன் "காசு அனுப்புறன், கொழும்புக்குக் கொண்டுபோய் உடன செய்யுங்கோ" எண்டுவார், பக்கத்து வீட்டு மாமா "நெஞ்சைப் பிளந்தா மனுசன் பழையபடி எழும்பான்" எண்டுவார், வருத்தக்காரரை ஒருத்தரும் கேக்கிறேல்ல.

முதல்ல நோ உண்மையா ஸ்டேபிள் தானோ, அதாவது மாறாம ஒரே மாதிரி வாறதோ எண்டு பாருங்கோ. எதிர்க்காத்தில சைக்கிள் மிதிக்கேக்க, வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு நடக்கேக்க, கிட்டத்தட்ட ஒரே அளவு வேலைக்கு வரவேணும், நிண்டா சில நிமிசத்தில போகவேணும், மாதக்கணக்கா அப்பிடியே இருக்கவேணும். சும்மா இருக்கேக்க வருது, நித்திரையால எழுப்புது, போன கிழமையை விடக் கூடீட்டுது எண்டா இதை வாசிச்சுக்கொண்டு இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அது வேற கதை.

ஸ்டேபிள் எண்டா கேள்வியை ரெண்டாப் பிரியுங்கோ. இந்த பைபாஸ் ஒப்பரேசன் (அடைப்பைத் தாண்டி இரத்தம் போக வேற குழாய் பூட்டுறது) என்ர நோவைக் குறைக்கவோ, இல்லாட்டி என்ர ஆயுளைக் கூட்டவோ? டொக்டரிட்ட இதை இப்பிடியே கேளுங்கோ. ரெண்டுக்கும் மறுமொழி ஒண்டில்லை, வீட்டுச் சண்டையில முக்காவாசி இதைக் குழப்புறதாலதான் வாறது.

ஆயுள் விசயத்தில அடைப்பு எத்தினை வீதம் எண்டதை விட எங்க இருக்கு எண்டதுதான் பெரிசு. ரிப்போர்ட்டில "லெஃப்ட் மெயின்" (இடப்பக்கத்துப் பெரிய குழாய்) எண்டு இருக்கா, மூண்டு முக்கிய குழாயும் அடைச்சிருக்கா, எக்கோவில (இதய ஸ்கானில) இஎஃப், அதாவது இதயம் ஒரு அடியில வெளிய தள்ளுற இரத்தத்திட வீதம், 35க்குக் கீழயா, சலரோகமும் இருக்கா? இதுகள் இருந்தா பைபாஸ் பக்கம் நியாயம் பலம். 1994இல பழைய ஆய்வுகளைச் சேத்து 2,649 பேரைப் பாத்ததில 5 வருசத்தில பைபாஸ் செய்தவையில 10.2 வீதம், மருந்தோட இருந்தவையில 15.8 வீதம் செத்திருந்தினம். ஆனா அந்தப் பழைய ஆய்வுகள் நடந்த காலத்து மருந்து இப்பத்தையான் மருந்தில்லை, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் எண்ட ஒண்டே அப்ப பாவனைக்கு வரேல்ல, அதையும் யோசிக்கவேணும். சலரோகக்காரருக்குக் கன குழாய் அடைச்சிருந்தா ஸ்டென்ட்டை (அடைச்ச குழாய்க்குள்ள வைச்சு விரிக்கிற கம்பி வலையை) விட பைபாஸ் நல்லம் எண்டு 2012இல ஃப்ரீடம் ஆய்வும் காட்டினது.

இதொண்டும் இல்லாட்டி? 2020இல வந்த இஸ்கீமியா ஆய்வில 5,179 பேர், லெஃப்ட் மெயின் அடைப்புக்காரரையும் இதயம் நல்லாப் பலவீனமானவையையும் சேர்க்கேல்ல. முதலே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்யிற வழியில போனவைக்கும் மருந்தோட தொடங்கினவைக்கும் சாவிலயோ மாரடைப்பிலயோ பெரிய வித்தியாசம் தெரியேல்ல. 80 வீத அடைப்பு எண்டா நாளைக்கே அட்டாக் எண்டுதான் எங்கட சனம் நினைக்கிறது, ஆனா கன அட்டாக் வாறது சின்னக் கொழுப்புப் படிவு வெடிச்சு அதில இரத்தம் கட்டிபடுறதால. அந்தப் படிவை ஆறப்பண்ணுறது அஸ்பிரினும் ஸ்டாட்டினும், புகைக்கிறதை விடுறதும்.

நோ விசயத்தில கதை மாறும். அதே ஆய்வில அடிக்கடி நோ வந்தவைக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தது நல்ல உதவி. நோவே இல்லாதவைக்கு அந்தப் பக்கத்தால லாபம் இல்லை. அதால நடக்கிற தூரம், மாடிப்படி, கோயிலுக்குப் போய்வாறது, இதில எதெல்லாம் நிண்டு போச்சு எண்டு கிளினிக் கொப்பியிலயே எழுதுங்கோ. "கொஞ்சம் நோகும் டொக்டர்" எண்டு சொன்னா அவருக்கு ஒண்டும் விளங்காது.

மருந்து வேலை செய்யேல்ல எண்டு முடிவெடுக்க முன்னம் மருந்தை ஒழுங்காப் போட்டதோ எண்டும் பாருங்கோ. பீட்டா புளொக்கர், அம்லோடிபின், நைட்ரேட் எண்டு நோவைக் குறைக்கிற மருந்துகளைப் படிப்படியாக் கூட்டிப் பாக்க சில கிழமை எடுக்கும். நோ வந்தா நாக்குக்குக் கீழ வைக்கிற நைட்ரேட் குளிசையை எங்கட ஆக்கள் பிளாஸ்டிக் டப்பாவில மாத்திப்போட்டு சாமித்தட்டில வைச்சிருப்பினம், பிறகு அது பவர் இல்லாமல் போயிடும். வந்த கண்ணாடிப் போத்தலிலயே இறுக்கி மூடி வைக்கவேணும், இருந்துகொண்டுதான் போடவேணும், வயகரா பாவிச்சா இதைத் தொடவே கூடாது. 5 நிமிசத்தில நோ போகாட்டி இன்னொண்டு, அதுக்கும் பிறகு 5 நிமிசத்தில போகாட்டி 1990க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்பிடுங்கோ.

பைபாஸிட விலையையும் சேத்து எண்ணுங்கோ, நான் காசைச் சொல்லேல்ல. நெஞ்செலும்பு ஒட்ட ரெண்டு மூண்டு மாதம், அதுவரை கிணத்தில தண்ணி அள்ளுறதும் அரிசி மூட்டை தூக்குறதும் இல்லை. நெஞ்சுக்குள்ள இருந்து எடுக்கிற நாடி கன வருசம் நிக்கும், காலில எடுக்கிற நாளம் அவ்வளவு நிக்காது, அதால எதைப் பாவிப்பியள் எண்டு சேர்ஜனிட்டக் கேக்கிறதில பிழையில்லை. உங்கட வயசுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒப்பரேசனில சாவு, பக்கவாதம் 100இல எத்தினை எண்டும் கேளுங்கோ.

மருந்தோட தொடங்கினா பைபாஸ் வழி பூட்டுப்படும் எண்டு பயப்பிடாதேங்கோ. 2007இல வந்த கரேஜ் ஆய்வில மருந்தோட தொடங்கினவையில மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட பிறகு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவை.

இன்னொரு டொக்டரிட்டக் கேக்கப் போனா ரிப்போர்ட் பேப்பரோட நிண்டுடாதேங்கோ, அஞ்சியோகிராம் சிடியையும் எக்கோ ரிப்போர்ட்டையும் போடுற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில கட்டிக் கொண்டு போங்கோ, சிடி இல்லாமல் அவர் குழாயைப் பாக்கேலாது.